வராத பேருந்து: 'பிறவி' திரைப்படத்தில் துயரத்தின் பொழுது

ஷாஜி என். கருண் இயக்கிய முதற்படமான 'பிறவி' 1988ஆம் ஆண்டில் மலையாளத்தில் வெளிவந்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகியவற்றுக்கான இந்தியத் தேசிய விருதுகளை அது பெற்றது. 1989இல் கான் திரைப்பட விழாவில் முதற்பட இயக்குநர்களுக்குரிய தங்கக் கேமரா விருதுக் குழுவினரின் சிறப்புக் குறிப்பும் அதற்குக் கிடைத்தது. இத்தனைக்குப் பின்னரும் இப்படத்தைப் பற்றித் தமிழ்ச் சுவைஞரிடம் பேச்செடுத்தால் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: கண்ணுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் நகர மறுக்கிறது. இம்மறுமொழியை அறியாமையென்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அதன் இரு பகுதிகளும் உண்மையே. இடையில் நிற்கும் 'ஆனால்' என்னும் சொல்தான் ஆய்வுக்குரியது. அழகும் மந்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இருவேறு குணங்களா, அன்றி ஒரே தேவையிலிருந்து பிறந்தவையா என்பதே இக்கட்டுரையின் வினா. ஜொகூரில் இருந்துகொண்டு இவ்வினாவை எழுப்புவதற்கு நமக்கெனத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கதை சிறியது. கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் முதியவர் இராகவச் சாக்கியார். அவருக்குக் காலங்கடந்து பிறந்த மகன் இரகு வெளியூரில் பொறியியல் பயில்கிறான். உடன்பிறந்தாளின் மணவுறுதிக்கு வருவதாக இருந்தவன் வரவில்லை. தந்தை நாள்தோறும் ஆற்றைக் கடந்து பேருந்து நிற்குமிடம் சென்று, கடைசிப் பேருந்து வரும்வரை காத்திருந்து, இருட்டியபின் வீடு திரும்புகிறார். மகனைக் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர் என்னும் செய்தி பின்னர் வந்து சேர்கிறது. முதியவர் திருவனந்தபுரம் சென்று அதிகாரத்தில் இருப்போரைக் காண்கிறார். அப்படியொருவன் காவலில் இல்லை என்பதே அவருக்குக் கிடைக்கும் விடை. மகள் மாலதி, இரகு பயின்ற இடத்திற்கே சென்று அவன் நண்பர்களைக் கண்டு, அவன் துன்புறுத்தப்பட்டு இறந்திருக்க வேண்டும் என்பதை அறிகிறாள். அறிந்ததைத் தந்தையிடம் சொல்லாது தன்னுள் வைத்துக்கொள்கிறாள். முடிவில் தந்தையின் மனம் பிடி தளர்ந்து, மகன் வீட்டிலேயே இருப்பதாக எண்ணத் தொடங்குகிறது.

இக்கதையின் பின்னணியில் நிற்பது கேரளத்தை உலுக்கிய இராஜன் வழக்கு. கோழிக்கோடு வட்டாரப் பொறியியற் கல்லூரி மாணவர் பி. இராஜன், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆம் நாள் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் முகாமில் இறந்தார். உடல் கிடைக்கவேயில்லை. இந்திப் பேராசிரியரான அவருடைய தந்தை ஈச்சர வாரியர், நெருக்கடி நிலை நீங்கியபின் 1977இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அவ்வழக்கின் விளைவாக, நெருக்கடிக் காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்து 1977 மார்ச்சில் முதலமைச்சரான கே. கருணாகரன் ஒரு திங்கள் அளவிலேயே பதவி விலக நேர்ந்தது. இவற்றுள் எதனையும் படம் பெயர் சுட்டிக் கூறவில்லை. இம்மௌனம் படத்தின் வலிமையா குறையா என்பதற்கு நாம் மீண்டும் வருவோம்.

முதலில் மந்தம் பற்றி. ஏறத்தாழ 110 நிமிடம் ஓடும் இப்படத்தின் நெஞ்சாக இருப்பது காத்திருத்தல் என்னும் ஒரே செயல். ஆறு, தோணி, மழை, குடை, பேருந்து நிறுத்தம், மீண்டும் தோணி என்னும் வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. முதன்முறை இவ்வரிசையைக் காணும்போது முதியவர் அறிந்த அளவே நாமும் அறிந்திருக்கிறோம். அவரோடு சேர்ந்து நாமும் பேருந்தை எதிர்நோக்குகிறோம். இறங்குவோர் முகங்களைப் பார்க்கிறோம். மாலதியின் பயணத்திற்குப் பின் அதே ஆறும் அதே மழையும் வருகின்றன. முதியவரின் நடையில் மாற்றமில்லை. இப்போது நாம் அறிந்துவிட்டோம், அவர் அறியவில்லை. முன்னர் எதிர்பார்ப்பாக இருந்த அதே காட்சி இப்போது தாங்கவியலாத ஒன்றாகிவிடுகிறது. இம்மாற்றத்தை நிகழ்த்த இயக்குநர் புதிய நிகழ்ச்சி எதனையும் சேர்க்கவில்லை. பழைய நிகழ்ச்சியைக் குறைக்கவுமில்லை. முதற்பாதியில் நம்மைச் சலிப்படையச் செய்த அதே நீளம் பிற்பாதியில் நம்மைக் குற்றவாளிகளைப் போல் அமரவைக்கிறது. படத்தை விரைவுபடுத்தியிருந்தால் முன்னது எளிதாகியிருக்கும். பின்னது நிகழ்ந்தே இராது.

தமிழ்க் கவிதையியல் பயின்றோர்க்கு இம்மாற்றத்தைக் குறிக்கச் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். முல்லையின் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. 'பிறவி' நிகழ்வதும் மழைக்காலத்தில். அதன் முதன்மையான நேரம் கடைசிப் பேருந்து வரும் மாலை. அகமரபு தலைவன் தலைவியர்க்கே உரியது, தந்தை மகன் உறவை அதனுள் அடக்கலாகாது என்னும் மறுப்பை நாம் அறிவோம். திணையை அப்படியே பொருத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. முல்லைப் பாடல்களில் கார்காலம் என்பது வெறும் பின்னணியன்று. அது ஒரு வாக்குறுதி. மழை தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவேண்டிய தவணை அது. ஆகவே வானம் இருண்டாலே இருப்பவள் நெஞ்சில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. 'பிறவி'யின் மழையும் அத்தகையதே. ஒளிப்பதிவாளர் சன்னி ஜோசப்பின் சட்டகங்களில் ஆற்றின் மேல் இறங்கும் மழை அழகாக இருப்பதற்குக் காரணம் அது வாக்குறுதியின் நிறத்தில் இருப்பதே. வாக்குறுதி பொய்த்தபின்னரும் மழை அதே அழகோடு பெய்துகொண்டிருக்கிறது. அழகும் மந்தமும் இங்கே ஒரே வேரினின்று கிளைத்தவை. முல்லையின் நிலமும் பொழுதும் அப்படியே நிற்க, உரிப்பொருள் மட்டும் இருத்தலினின்று இரங்கலுக்கு வழுவுகிறது. அவ்வழுவலைக் காண்பதற்கு நேரம் வேண்டும்.

மாலதியின் இடமும் இவ்வொப்பீட்டில் தெளிவு பெறுகிறது. கார் வந்தும் தலைவன் வராதபோது தோழி, இது பருவமன்று, கொன்றை அறியாமையால் பூத்துவிட்டது என்று தலைவியைத் தேற்றுவதாகப் பாடும் துறை சங்க இலக்கியம் பயில்வோர் நன்கறிந்தது. தோழிக்கும் தலைவிக்கும் அது பொய்யெனத் தெரியும். அன்பினால் இருவரும் அப்பொய்யைப் பகிர்ந்துகொள்கின்றனர். மாலதி தோழியின் இடத்தில் நிறுத்தப்பட்டவள். ஆனால் அவளுக்குப் பருவத்தைப் பழிக்கும் எளிய வழியும் இல்லை. தோழியின் பொய்க்குத் தலைவனின் வரவு ஒருநாள் மன்னிப்பு வழங்கிவிடும். மாலதியின் மௌனத்திற்கு மன்னிப்பு வழங்க எவரும் வரப்போவதில்லை என்பதை அவள் அறிவாள். அர்ச்சனாவின் நடிப்பு இவ்வறிவைச் சுமந்து நிற்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்ற அதே அர்ச்சனாவே இவர். 'வீடு' படத்தில் கட்டி முடியாத வீட்டைக் கண்டு திரும்பும் தாத்தா இறந்துபடுகிறார். அழுவதற்கு அவளுக்கு ஓர் உடல் இருந்தது. ஒரே காலப்பகுதியில் வந்த இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், அழக்கூடிய துயரத்திற்கும் அழக்கூடாத துயரத்திற்கும் ஒரே முகம் எத்துணை வேறுபடுகிறது என்பதைக் காணலாம்.

முதியவராக நடித்த பிரேம்ஜி பற்றியும் ஒரு சொல். 1908இல் பிறந்த இவர் படம் வெளிவந்தபோது எண்பது அகவையை எட்டியிருந்தார். மலையாள நாடகமேடையிலும் நம்பூதிரிச் சமூகச் சீர்திருத்தத்திலும் நெடுங்காலம் உழைத்தவர். கைம்பெண்ணை மணந்து தம் சமூகத்தின் எதிர்ப்பைத் தாங்கியவர். மேடையில் பழகிய உடல் திரையில் பெரும்பாலும் மிகையாகவே தோன்றும். இங்கே அம்மிகை இல்லை. குடையை மடக்கும் விதத்திலும் தோணியில் அமரும் விதத்திலுமே நாளுக்கு நாள் தளர்ச்சி கூடுவதை அவர் உணர்த்துகிறார். இடைப்பிறவரலாக இன்னொன்று: சாக்கியார் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைக் கேரளத்துச் சாக்கியார் மரபோடு இணைத்துக் காண்போர் உளர். வேந்தன் முன் ஆடிப் பரிசு பெற்ற மரபின் பெயரைத் தாங்கிய ஒருவர் அமைச்சர் முன் மனுவோடு நிற்கிறார். இயக்குநர் இதனை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, நமக்கு அக்காட்சி அவ்வாறே படுகிறது.

இனிக் குறைகள். ஷாஜி, அரவிந்தனின் 'காஞ்சன சீதா', 'தம்பு', 'சிதம்பரம்' முதலிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். சட்டகத்தை அமைக்கும் அவர் கண் அக்கலையில் ஊறியது. அவ்வூறல் சில இடங்களில் படத்திற்கு எதிராகத் திரும்புகிறது. மாலையொளியில் தோணி கருநிழலாக மிதக்கும் காட்சிகளுள் சில, முதியவர் அதனுள் இருக்கிறார் என்பதையே மறந்துவிட்ட காட்சிகளாகத் தோன்றுகின்றன. அரவிந்தனும் மோகன் சிதாராவும் அமைத்த இசையும், மழையொலியும் துடுப்பொலியுமே போதுமான சில தருணங்களில் நுழைகிறது. இப்படத்தின் ஒலிப்பதிவு மிக நுட்பமானது; அதற்கே இடம் விட்டிருக்கலாம்.

இவை சிறியவை. பெரிய குறை முடிவில் உள்ளது. அரசின் கொடுமையை நேரே காட்டாமல், அதிகாரிகளின் பண்பான மறுப்புகள் வழியாகவே காட்டியதை நாம் குறையெனக் கருதவில்லை. அடித்தவன் கையைக் காட்டினால் பார்வையாளன் சினத்தில் இளைப்பாறிவிடுவான். 'அப்படி யாரும் இங்கில்லை' என்னும் அமைதியான விடை அவனுக்கு இளைப்பாற இடம் தருவதில்லை. நெருக்கடி நிலையைப் பெயர் சுட்டாமையும் இதனாற் பொறுக்கத்தக்கதே. ஆயின் தந்தையின் மனம் பேதலிப்பதாக முடித்தது வேறு. பித்து என்பது கலைக்கு எளிதாகக் கிட்டும் வாயில். அதன் வழியே முதியவர் துயரத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். மகன் அவருக்குக் கிடைத்துவிடுகிறான். ஈச்சர வாரியருக்கு அவ்வாயில் திறக்கவில்லை. அவர் தெளிந்த அறிவோடு, நீதிமன்றங்களிலும் நாளிதழ்களிலும், 2006இல் தாம் மறையும்வரை, மகனை என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தம் நினைவுகளை நூலாகவும் எழுதினார். தெளிந்த அறிவோடு ஒருவர் முப்பதாண்டு காத்திருக்க இயலும் என்பது பித்தினும் கொடிய உண்மை. அவ்வுண்மையை எதிர்கொள்ளும் பொறுமையை, இத்தனைப் பொறுமை வாய்ந்த இப்படம் கடைசிக் கட்டத்தில் இழந்துவிட்டது என்பதே நம் கருத்து.

இவ்விடத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த படமொன்றை ஒப்புநோக்குவது பயன் தரும். ஃபெர்னாண்டா வலாடெஸ் இயக்கி 2020இல் வெளிவந்த அப்படத்தின் ஸ்பானியப் பெயரை 'அடையாளக் குறிகள் இன்றி' என்று தமிழாக்கலாம். அதுவும் அழகிய படம். அதுவும் மெல்ல நகர்வது. அமெரிக்க எல்லையைக் கடக்க நண்பனோடு புறப்பட்ட மகனிடமிருந்து செய்தியில்லை. மக்தலேனா என்னும் தாய் அவனைத் தேடிச் செல்கிறாள். இறந்தோரின் நிழற்படத் தொகுப்பு அவள் முன் வைக்கப்படுகிறது. எழுத்தறியாத அவளிடம் மகன் இறந்ததை ஏற்கும் தாளில் ஒப்பமிடச் சொல்கிறார்கள்; அதனைப் படித்துக்காட்டி, ஒப்பமிடாதே என்று தடுப்பவள் மகனை இழந்த இன்னொரு தாய். 'பிறவி'யில் அரசு, அவன் எம்மிடம் இல்லை என்கிறது. இங்கே அரசு, அவன் இறந்தான் என்று நீயே எழுதிக்கொடு என்கிறது. இரண்டும் கோப்பை மூடும் வழிகளே. மக்தலேனாவுக்கு இயக்குநர் பித்தை அளிக்கவில்லை, நடையை அளிக்கிறார். முடிவில் அவள் அறிந்துகொள்வது இறப்பைக் காட்டிலும் கடுமையானது. அதனை இங்கு வெளிப்படுத்தாது விடுகிறோம். வழியில் முதியவர் ஒருவர் நடந்ததைத் தம் பழங்குடி மொழியில் கூறும்போது, அவர் சொற்களுக்கு மொழிபெயர்ப்புத் தராமல், தீயின் வடிவங்களை மட்டும் இயக்குநர் காட்டுகிறார். அழகு அங்கே நம்மை விலக்கவில்லை. புரியாமையின் முன் நிறுத்துகிறது. 'பிறவி'யின் தோணிக் காட்சிகளுள் தளர்ந்தவற்றிற்கும் இத்தீக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்விரு படங்களுக்கும் பொதுவாக நிற்பது உடலின்மை. தமிழர் இறப்பை எதிர்கொள்ளும் முறைகள் யாவும் உடலிலிருந்தே தொடங்குகின்றன. ஒப்பாரி உடலைச் சூழ்ந்து பாடப்படுவது. இறந்தவரை நோக்கிப் பேசுவது. தொல்காப்பியம் காஞ்சித் திணையில் யார் யாருக்காக எவ்வாறு அரற்றுவர் என்பதைத் துறை துறையாகப் பகுக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை இறப்பு உறுதிப்பட்டதன் பின்னரே எழுவன. நடுகல்லுக்குப் பெயர் வேண்டும். கருமாதிக்கு நாள் வேண்டும். ஆண்டுத் திவசத்திற்குத் திதி வேண்டும். இறந்த நாள் தெரியாத வீட்டில் இவற்றுள் எதுவும் தொடங்க இயலாது. தொடங்காததால் முடியவும் முடியாது. தமிழ்த் திரைப்படம் தன் துயரக் காட்சிகளைப் பெரிதும் ஒப்பாரியின் வடிவில் அமைத்துக்கொண்டது: உரத்த குரல், மார்பில் அறைதல், பாடல். அது பிழையன்று, நம் மரபு அது. ஆனால் உடலற்ற துயரத்திற்கு அவ்வடிவம் உதவாது.

ஜொகூரில் இருந்து பேசுவதற்கான தனிக் காரணம் என்று தொடக்கத்தில் குறித்தது இதனைத்தான். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களும் அதற்கு விலக்கன்று. அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. அவர்தம் குடும்பங்களுக்கு இறப்புச் செய்தியும் முறையாக வரவில்லை. பலருக்கு ஆள் திரும்பாமையே செய்தி.

ஜொகூர் பாருவில் மாணவரும் ஆசிரியரும் கூடிய சிறு குழுவொன்றுக்கு 'பிறவி'யைத் திரையிட்டபோது, இருபது நிமிடத்திற்குள்ளேயே இளையோர் சிலர் நெளியத் தொடங்கினர். மாணவர் ஒருவர், பேருந்துக் காட்சி ஒன்று போதாதா, எதற்கு இத்தனை என்று வெளிப்படையாகவே கேட்டார். அதற்கு விடையிறுத்தவர் நாமல்லர். பேத்தியோடு வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர். கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். தம் பெரியம்மாவின் கணவர் சயாமுக்குப் போனவர் என்றும், பெரியம்மா இறுதிவரை தாலியைக் கழற்றவுமில்லை, நல்ல காரியங்களில் முன்னால் நிற்கவுமில்லை என்றும் கூறினார். "சுமங்கலின்னும் சொல்ல முடியாது, மத்ததும் சொல்ல முடியாது. லயத்து வாசல்ல உக்காந்திருப்பாங்க. அவ்வளவுதான்." அவர் சொன்னதில் நிகழ்ச்சி என்று ஒன்றுமில்லை. கதையாக எழுதினால் ஒரு பத்திக்கு மேல் நீளாது. ஆனால் அது நாற்பதாண்டுக்கும் மேலாக நீடித்தது.

நம் நாவலாசிரியர்கள் இவ்வரலாற்றை எழுதாமல் விடவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியன மலேசியத் தமிழ் நாவல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. அவை காட்டையும் முகாமையும் நோயையும் அடியையும் நமக்குக் காட்டின; எவரும் பதிவு செய்யாததைப் பதிவு செய்தன. அந்நன்றியைக் குறைக்காமலே ஒன்று கூறலாம். அவற்றின் ஆற்றல் மிகுதியும் இரயில் சென்ற திசையிலேயே செலவாகிறது. லயத்து வாசலில் அமர்ந்திருந்தவள் பக்கம் திரும்பும்போது எழுத்து விரைந்து கடந்துவிடுகிறது. ஏனெனில் அங்கே சொல்வதற்கு நிகழ்ச்சி இல்லை. போனவனின் துன்பம் கதையாகும். இருந்தவளின் துன்பம் கால அளவாக மட்டுமே இருக்கும். கால அளவை உரைநடை 'ஆண்டுகள் பல கழிந்தன' என்னும் ஒரு தொடரில் அடக்கிவிட முடியும். திரைப்படத்தால் அது இயலாது. அதனைத் துண்டித்துச் சுருக்கினாலும் சுருக்கியதாகவே தெரியும். அக்காலத்தின் ஒரு சிறு பகுதியையேனும் முழுமையாகக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அக்கலைக்குண்டு.

ஷாஜி 2025 ஏப்ரல் 28ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அதன்பின் 'பிறவி'யை மீண்டும் பார்த்தபோது நமக்குப் புதிதாகத் தைத்தது ஒன்றுண்டு. பேருந்து வந்து நின்று, ஆட்கள் இறங்கி, மீண்டும் புறப்பட்டுச் சென்றபின், முதியவர் உடனே திரும்பிவிடுவதில்லை. வெறுமையான சாலையைப் படக்கருவியும் அவரோடு சேர்ந்து சற்றே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவர் கேட்ட வினா நியாயமானதே. ஒரு பேருந்துக் காட்சியே தகவலுக்குப் போதும். அச்சாலையைப் பார்த்தபோது நம் எண்ணம் கூலாய்த் தோட்டத்து லயத்து வாசலுக்குச் சென்றது. அவ்வாசலில் நின்று பார்த்தால் தெரிவது செம்மண் பாதையும் பால்மர நிரையுமே. அம்மையாரின் பெரியம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.